உலக வங்கியின் நாற்காலியும் தங்கவயலின் கூண்டும்

வாஷிங்டன் நகரிலுள்ள உலக வங்கி 1946ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கதவைத் திறந்தது. அன்று தொட்டு அதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்தோர் 14 பேர். பதினால்வரும் அமெரிக்கக் குடிமக்கள். பதினால்வரும் ஆடவர். அந்த வங்கியின் சாசனத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தலைவர் அமெரிக்கராக இருத்தல் வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. நிர்வாக இயக்குநர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பர் என்ற அளவோடு சாசனம் நின்றுவிடுகிறது. எழுதாத சட்டம் எழுதிய சட்டத்தைவிட வலிமை வாய்ந்தது என்பது, ஊருக்கும் சேரிக்கும் இடையே என்ன நடந்தது என்று அறிந்த நமக்குப் புதிய செய்தி அன்று.

2023ஆம் ஆண்டில் அஜய் பங்கா அந்த நாற்காலிக்கு வந்தபோது நம் நண்பர்களிற் பலர் மகிழ்ந்தனர். பூனாவை அடுத்த கட்கியிலே பிறந்தவர். தில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியிலும் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்திலும் படித்தவர். நம்மைப் போல் தேர்வுக்கு அஞ்சியவர் அங்கே போய் அமர்ந்தார் என்றால் யாருக்குத்தான் பெருமிதம் தோன்றாது? அந்த மகிழ்ச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். அவர் எந்த மண்ணில் பிறந்தார் என்று கேட்ட நாம், அதுவரை அவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்டோமா? நெஸ்லே, பெப்சி, சிட்டி வங்கி, பிறகு பத்தாண்டுக் காலம் மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் தலைமை. அவரை நிறுத்தியவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர். அவரும் 2007 முதல் அமெரிக்கக் குடிமகனே. வந்தவர் புதியவர், வந்த வாசல் பழைய வாசல்.

“வாஷிங்டனில் யார் அமர்ந்தால் கோலார் தங்கவயல் மாணவனுக்கு என்ன?” என்று கேட்போர் உண்டு. உலக வங்கியிடம் இதுகாறும் பெருங்கடன் பெற்ற நாடுகளின் வரிசையில் முன்னிற்பது இந்தியா. 1949இல் இருப்புப்பாதைக்கென வாங்கிய 3 கோடியே 40 இலட்சம் டாலரில் தொடங்கிய கணக்கு அது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகிய மூன்றும் கடன் கொடுத்திருக்கின்றன. பெங்களூரு மெட்ரோவின் ஒரு பாதைக்கு 2017இல் கடன் ஒப்பியதும் இவற்றுள் ஒன்றே. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் எந்தச் சாலையில் நடப்பார்கள், எந்தக் குழாயில் நீர் பிடிப்பார்கள் என்பதில் எங்கோ இருக்கும் ஒரு குழுவின் முடிவும் கலந்திருக்கிறது. கடன் வாங்குவது அரசு; வட்டியும் முதலும் கட்டுவது நாம்.

ஆகவே, அந்தப் பதினால்வர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்ப்போம்.

முதல்வர் யூஜின் மேயர், நியூயார்க்கின் பெருநிதியாளர்; ஆறே மாதத்தில் விலகிவிட்டார். அடுத்து வந்த ஜான் மெக்கிளாய் வால் தெருப் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர். போர்க்காலத்தில் போர்த் துறையின் துணைச் செயலர். யூஜின் பிளாக் சேஸ் வங்கியிலிருந்தும், ஜார்ஜ் உட்ஸ் முதலீட்டு வங்கியிலிருந்தும் வந்தனர். இராபர்ட் மக்னமாரா ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைவராயிருந்தவர். பின்னர் வியட்நாம் போரை நடத்திய அமைச்சர். கிளாசன், பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைவர். பார்பர் கோனபிள் இருபதாண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர். லூயி பிரஸ்டன், ஜே.பி. மார்கன் வங்கி. உல்ஃபென்சன், மீண்டும் முதலீட்டு வங்கி. உல்ஃபோவிட்ஸ், ஈராக்குப் போரின்போது பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர். சோலிக், வணிகப் பேச்சாளர். இடையில் கோல்டுமன் சாக்ஸ். ஜிம் யோங் கிம், மருத்துவர். மால்பாஸ், ஒரு முதலீட்டு வங்கியின் பொருளியலாளராகவும் அமெரிக்க நிதித் துறை அதிகாரியாகவும் இருந்தவர். பிறகு பங்கா.

எண்ணிப் பாருங்கள். பாதிப் பேர் வட்டிக் கடையிலிருந்து வந்தவர்கள். மூவர் போர் அலுவலகத்தில் இருந்தவர்கள். ஒருவர் மருத்துவர். அணையால் வீடிழந்த ஊரில் வாழ்ந்தவர், கடன் வாங்கும் நாட்டின் நிதியமைச்சராயிருந்து தவித்தவர், ஒரு தொழிற்சங்கத்தை நடத்தியவர், ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியவர் எவரும் இல்லை. 2012இல் நைஜீரியாவின் நிதியமைச்சர் ஙோசி ஒகோன்ஜோ இவீலா போட்டியிட்டார். அந்த வங்கியிலேயே ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணி செய்தவர். அதன் நிர்வாக இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர். கடன் கொடுக்கும் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து பார்த்தவர். அவரினும் தகுதி உடையவரைத் தேடிக் காண்பது அரிது. நாற்காலி மருத்துவர் கிம்முக்குப் போயிற்று. பின்னர் 2021இல் அந்த அம்மையார் உலக வணிக அமைப்பின் தலைவரானார்.

வங்கியாளர் வந்ததற்கும் நியாயம் உண்டு, அதையும் மறைக்கலாகாது. உலக வங்கி என்ற பெயரைக் கேட்டால் பெட்டி நிறையப் பணம் இருந்ததாகத் தோன்றும். உண்மை வேறு. உறுப்பு நாடுகள் எழுதிக் கொடுத்த பங்குத் தொகையில் 80 விழுக்காடு ஆபத்து வந்தால் தருவோம் என்ற வாக்குறுதியே. 18 விழுக்காடு அவரவர் நாட்டு நாணயம். பொன்னாகவோ டாலராகவோ கையில் வந்தது 2 விழுக்காடுதான். ஆகவே கடன் கொடுக்க வேண்டுமானால் வங்கியே முதலில் கடன் வாங்க வேண்டும். 1947 சூலையில் 25 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை நியூயார்க்குச் சந்தையில் விற்றது. பத்திரம் வாங்குவோர் வால் தெருக்காரர்; அவர்கள் நம்பக்கூடிய முகம் வேண்டும். மெக்கிளாயும் பிளாக்கும் அந்த முகங்கள். 1959இல் வங்கியின் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. பிள்ளை நடக்கக் கற்கும்வரை நடைவண்டி வேண்டும். அறுபது ஆண்டு கடந்த பின்னும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அந்த 2 விழுக்காட்டில் பொன் என்றொரு சொல் வந்தது அல்லவா? அந்தச் சொல்லைக் கேட்டால் தங்கவயல் மாணவனுடைய காது நிமிரும்.

தலைமைக்கு யார் வருகிறார் என்பதால் என்ன நேரும் என்று அறிய நாம் வாஷிங்டன் போக வேண்டியதில்லை. உரிகத்திலும் சாம்பியன் ரீஃபிலும் 120 ஆண்டுகள் அந்தப் பாடம் நடந்தது. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய ஐரியச் சிப்பாய் மைக்கேல் லாவெல், மைசூர் அரசிடம் உரிமம் பெற்று 1870களில் தோண்டிப் பார்த்தார். 1880இல் இலண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்தது. அந்நிறுவனத்தின் தலைமுறை வேலை சுரங்கப் பொறியியல். கார்ன்வால் நாட்டுச் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் தேர்ந்த மேற்பார்வையாளர்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள். அவர்களுடைய திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து நெடுந்தொலைவு மின்சாரம் கொண்டுவந்து சுரங்கத்தை இயக்கினார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கினார்கள். உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று நம் சாம்பியன் ரீஃப். 800 டன் அளவுக்குப் பொன் எடுத்தார்கள்.

ஆயின் பதவிப் படிக்கட்டு எப்படி இருந்தது? மேலே ஆங்கிலேயர், அவர்களுக்குப் பங்களா, மன்றம், கோல்ஃப் திடல். இடையில் இத்தாலியரும் ஆங்கிலோ இந்தியரும். காவலுக்குப் பஞ்சாபியர். பாறையைக் குடைய வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர். அவர்களுட் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். அவர்களுக்கு லைன் வீடு. ஓர் அறை, ஒரு தாழ்வாரம். பங்குதாரர் கூட்டமோ இலண்டனில். கூண்டில் இறங்கியவன் கூட்டத்தைப் பார்த்ததில்லை. கூட்டத்தில் அமர்ந்தவன் கூண்டைப் பார்த்ததில்லை.

என் பாட்டனார் கூண்டில் இறங்கியவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. பாறை பேசும் என்பார். மரத் தூணில் ஒரு முனகல் கேட்டால் இன்னும் எத்தனை நேரம் அங்கே நிற்கலாம் என்று கணக்குச் சொல்வார். அந்தக் கல்வி எந்தச் சான்றிதழிலும் ஏறவில்லை. ஆகவே எந்தப் பதவிக்கும் அது தகுதியாகவில்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் செய்த தொழில் அவரை நல்லவராகவோ தீயவராகவோ ஆக்கிவிடுவதில்லை. ஒரு செய்தி மேசைக்கு வந்தவுடன் அவர் வாயில் முதலில் எழும் கேள்வியை அது முடிவு செய்கிறது. இலண்டன் பொறியாளரின் முதல் கேள்வி, “ஒரு டன் பாறையில் எத்தனை பொன்?” சுரங்கத் தொழிலாளியின் முதல் கேள்வி, “மேலே பாறை நிற்குமா?” இரண்டும் நியாயமான கேள்விகள். முதற் கேள்வியைக் கேட்பவரே தலைமுறை தலைமுறையாக மேலே அமர்ந்திருந்தால் இரண்டாம் கேள்விக்கு விபத்து நடந்த பின்புதான் விடை தேடுவார்கள்.

வரலாறு இந்தக் கருத்துக்கு எளிதில் ஒத்துழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்னமாராவை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் வீழ்ந்த பிணங்களை எண்ணிக் கணக்கு வைத்த அமைச்சர், 1968இல் உலக வங்கிக்கு வந்தார். அவரிடம் யார் இரக்கத்தை எதிர்பார்த்திருப்பார்? 1973இல் நைரோபியில் அவர் ஆற்றிய உரைதான் கொடிய வறுமையை ஒழிப்பது வங்கியின் வேலை என்று அறிவித்தது. அவர் காலத்திலேதான் 1977இல் சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் ஏழைகளுக்கு மனையும் குடிநீரும் வடிகாலும் கொடுத்து, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளும் திட்டம் எழுந்தது. 1980இல் தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதந்தோறும் குழந்தையைத் தராசில் நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்குத் தனியே உணவு கொடுத்த அந்தத் திட்டத்தை உலகம் வந்து பார்த்துச் சென்றது. போர் அமைச்சர் செய்த நன்மையை மறுப்பது நேர்மை ஆகாது.

ஆனால் பழைய தொழில் அவரை விட்டுப் போய்விட்டதா? போகவில்லை. ஃபோர்டிலும் போரிலும் எண்ணிக்கையே அவருக்குக் கடவுள். வங்கியிலும் எண்ணிக்கையே கடவுளாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலராயிருந்த கடன் அவர் போகும்போது 1200 கோடி டாலரைத் தொட்டது. எவ்வளவு கடன் ஒப்புதல் பெற்றது என்பதே அதிகாரியின் வெற்றிக்கு அளவுகோல் என்ற பழக்கம் ஊறிற்று. வங்கியின் துணைத்தலைவருள் ஒருவரான வாப்பன்ஹான்ஸ் 1992இல் கொடுத்த உள் அறிக்கை அதைத் தோலுரித்துக் காட்டியது. திட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைவளிக்கவில்லை. ஊழியர்களின் கவனமெல்லாம் கடனை ஒப்புவிப்பதில் இருக்கிறது, ஊரில் என்ன விளைந்தது என்பதில் இல்லை என்பது அதன் சாரம். மக்னமாரா வீட்டுக்குப் போய்ப் பதினோர் ஆண்டு கழித்தும் அவருடைய முதல் கேள்வி அங்கேயே இருந்தது!

நருமதையையும் பாருங்கள். சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் 45 கோடி டாலர் கடன் ஒப்பினார்கள். மூழ்கப்போகும் ஊர்களில் யார் வாழ்கிறார்கள், எத்தனை பேர், எங்கே போவார்கள் என்ற கணக்கு அப்போது சரியாக இல்லை. மக்கள் போராடிய பின், 1991இல், தனிப்பட்ட விசாரணைக் குழு அமைக்க ஒப்பியவர் கோனபிள். பதினால்வருள் வாக்காளர் வாசலில் நின்று இருபது ஆண்டு வாக்குக் கேட்டவர் அவர் ஒருவரே. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான அக்குழு 1992 சூனில் அறிக்கை தந்தது. குறைகளைக் கூசாமல் எழுதியது. அப்போது நாற்காலியில் இருந்தவர் மார்கன் வங்கியின் பிரஸ்டன். அதன் பிறகும் கடனைத் தொடரவே நிர்வாகம் வாதாடிற்று. கடைசியில் 1993 மார்ச்சில் இந்திய அரசே எஞ்சிய பணம் வேண்டாம் என்று சொல்லி விலகிற்று. பாதிக்கப்பட்ட மக்கள் நேரே முறையிடும் விசாரணை மன்றம் அதே ஆண்டில் வங்கியில் ஏற்பட்டது. நருமதைப் பழங்குடியினர் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது.

இனி, மருத்துவர் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவோர்க்கு ஒரு சொல். கிம் ஏழை நாடுகளில் காசநோயையும் எயிட்சையும் எதிர்த்துப் பணியாற்றியவர். நோயாளியின் படுக்கையருகே நின்றவர். வங்கிக்குள் வந்ததும் துறைகளைக் கலைத்து அடுக்கினார், 40 கோடி டாலர் செலவைக் குறைக்கப் புறப்பட்டார், ஊழியர்கள் கொதித்தார்கள். 2019இல் பதவிக்காலம் முடியுமுன்பே விலகி, உள்கட்டமைப்பில் முதலீடு செய்யும் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனார். நல்ல தொழிலிலிருந்து வந்தால் போதாது; நாற்காலியும் மனிதனைத் தன் வடிவத்துக்கு வார்த்துவிடும். உல்ஃபென்சன் காலத்தில் மேலதிகாரிகளைச் சிற்றூர்களிலும் குடிசைப் பகுதிகளிலும் ஒரு வாரம் தங்கி வரச் செய்தார்கள். எண்ணம் நல்லது. எனினும் ஒரு வாரம் தங்கச் சென்றவருக்குத் திரும்பும் நாள் தெரியும். தங்கவயலிலும் பெரிய துரைமார் எப்போதேனும் கூண்டில் இறங்கி, மாலைத் தேநீருக்கு மேலே வந்துவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறோம்.

“நம்மவர் வந்தால்?” என்ற கேள்விக்கு வருவோம். நம்மவர் தொடக்கத்திலேயே அங்கே இருந்தார்கள் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. 1944 சூலையில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உலக வங்கியும் நாணய நிதியமும் கருவாகியபோது, இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். கொச்சியின் திவானாயிருந்தவர், தமிழிசைக்காகப் பாடுபட்டவர், 1947 நவம்பரில் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தவர். பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியும் நாணய நிதியத்தின் நோக்கமாக வேண்டும் என்று அந்தக் குழு வாதாடிற்று. வல்லரசுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் வெள்ளையர் ஆட்சி முடியுமுன்பே, அந்த அவையில் அந்தக் கேள்வியை எழுப்பிய குழுவில் ஒரு தமிழர் இருந்தார் என்பது சிறிய செய்தியா?

மற்றொருவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். 1946 முதல் 1949 வரை மைசூரின் திவான். அதாவது நம் தங்கவயல் அடங்கிய நாட்டின் தலைமை அமைச்சர். 1955இல் உலக வங்கியின் துணையோடு ஐ.சி.ஐ.சி.ஐ. என்ற தொழிற்கடன் நிறுவனம் பம்பாயில் எழுந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்நிறுவனத்தை உருவாக்க அமெரிக்காவிலிருந்து வந்து உதவிய ஜார்ஜ் உட்ஸ்தான் 1963இல் உலக வங்கித் தலைவரானார். அதே ஐ.சி.ஐ.சி.ஐ.யில் 1971இல் இளைஞராய் நுழைந்தவர் மங்களூரில் பிறந்த கே.வி. காமத். சூரத்கல்லில் இயந்திரப் பொறியியல் படித்த கருநாடக மாணவர். 1988 முதல் மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கியில் பணி. 1996இல் திரும்பி ஐ.சி.ஐ.சி.ஐ.யின் தலைமை, 2015இல் பிரேசில், இரசியா, இந்தியா, சீனம், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் சமபங்கு போட்டுத் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியின் முதல் தலைவர். வாஷிங்டனின் ஆதிக்கத்துக்கு மாற்றாக எழுந்த வங்கி என்று முழங்கினார்கள். அதன் முதல் தலைவரோ வாஷிங்டன் வளர்த்த நிறுவனத்தின் பிள்ளை! இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசல்கள் எவ்வளவு குறைவு என்பதற்காகச் சொல்கிறேன். ஷாங்காயிலுள்ள அந்த வங்கிக்கு 2023இல் வந்த டில்மா ரூசெஃப் வேறு தரத்தவர். பிரேசிலின் படையாட்சியை எதிர்த்துச் சிறையில் வதைபட்டவர். பின்னர் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானவர். சிறையிலிருந்தவர் ஒரு வளர்ச்சி வங்கிக்குத் தலைமை தாங்கியதால் வானம் இடிந்து விழவில்லை.

மணிலா வங்கியின் கதை சுருக்கமானது. 1966 முதல் வந்த தலைவர் அனைவரும் சப்பானியர். பெரும்பாலோர் அந்நாட்டு நிதி அமைச்சகத்தார். துணைத்தலைவர் பதவியை நமக்கு ஒதுக்கினார்கள். முதல் துணைத்தலைவர் சி.எஸ். கிருஷ்ணமூர்த்தி ஓர் இந்தியர். பீக்கிங்கில் 2016இல் திறந்த ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியிலும் அவ்வாறே. தலைவர் சீனர், முதலீட்டுப் பொறுப்பேற்ற துணைத்தலைவராயிருந்தவர் டி.ஜே. பாண்டியன். பெயரிலேயே தமிழ் மணக்கும் அவர் குசராத்தின் எரிசக்தித் துறையை நடத்தி, அம்மாநிலத்தின் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர்.

நம்மவர் வருவது நல்லது. அதுமட்டும் போதாது என்பதற்கும் தங்கவயலே சான்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962இல் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. துரைமார் கப்பலேறினர். பங்களாக்களில் நம் நாட்டு அதிகாரிகள் குடியேறினர். லைன் வீடுகள் லைன் வீடுகளாகவே இருந்தன. கழிப்பிடத்தைக் கையால் அள்ளும் கொடுமை தங்கவயலில் இருந்தது 2011இலும் வெளிச்சத்துக்கு வந்தது என்றால், நிறம் மாறியதால் முதல் கேள்வி மாறவில்லை என்றுதானே பொருள்?

அந்நாட்களில் பொன்னின் விலையை நிறுத்தி வைத்ததும் பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாடே. அவுன்சு 35 டாலர். 1960களில் தங்கவயலின் பொன்னை அந்தச் சர்வதேச நாணய விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. கடைத்தெருவில் விலை அதனினும் மிக அதிகம். விலை வெட்டப்பட்ட பொருளை விற்றுவிட்டு, நட்டம் நட்டம் என்று கணக்கெழுதினார்கள். 1991இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. பொன்னை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தோம். அதே ஆண்டு திசம்பரில் உலக வங்கி பொருளாதாரச் சீரமைப்புக்குக் கடன் ஒப்பியது. 1992இல் பொதுத்துறைத் தொழிலாளரை அனுப்பவும் மறுபயிற்சி தரவும் தேசியப் புதுப்பிப்பு நிதி என்றொன்று பிறந்தது. அதற்குப் பின்புலமாக அவ்வங்கியின் கடனும் வந்தது. அந்நிதியில் பெரும்பகுதி விருப்ப ஓய்வுக்கே போயிற்று. மறுபயிற்சிக்குக் கிடைத்தது சொற்பம். ஆளைக் குறைப்பது எப்படி என்பதற்குத் திட்டம் தீட்டிய அறிஞர் பலர் இருந்தனர். அனுப்பப்பட்டவன் மறுநாள் காலை எழுந்து எங்கே போவான் என்று முதலிலேயே கேட்கக்கூடியவர் அந்த மேசையில் இல்லை. 2001இல் பாரத தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியது சயனைடு மண்மேடுகளும் காலை இரயிலும். தங்கவயலை மூடியது உலக வங்கி என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆழம் மிகுந்து செலவு ஏறியது உண்மை. முடிவெடுத்தது நம் அரசு. அந்தக் காலத்தில் எந்த வகைச் சிந்தனை நாட்டை ஆண்டது, அது எந்தக் கட்டடங்களிலிருந்து வந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

“சுரங்கத் தொழிலாளியை உலக வங்கித் தலைவராக்கச் சொல்கிறாயா?” என்று ஒரு பொருளியல் மாணவர் என்னிடம் சிரித்தார். சொல்லவில்லை. பத்திரச் சந்தையும் நாணய மாற்றும் அறியாதவர் கையில் வங்கியைக் கொடுத்தால் கெடுவது ஏழை நாடுகளே. அந்த அறிவு வேண்டும். அந்த அறிவு உடையோரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். தலைமைக்கும் அதுவே போதிய தகுதி என்பதைத்தான் மறுக்கிறேன். இதற்கு நம் பக்கமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023இல் உலக வங்கியில் இந்தியாவின் நிர்வாக இயக்குநராக அமர்த்தப்பட்டவர் பரமேசுவரன் ஐயர். ஆட்சிப் பணியிலிருந்து விலகி, குடிநீரும் கழிப்பிடமும் என்ற துறையிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 2017இல் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில், நாட்டின் குடிநீர் மற்றும் துப்புரவுச் செயலராயிருந்தபோது, தாமே கழிப்பிடக் குழியில் இறங்கி மட்கிய எருவை அள்ளிக் காட்டினார். அது ஒரு நாள் காட்சி என்று எள்ளலாம். கூண்டின் கதை சொன்ன நானே எள்ளலாம். எனினும் அந்தக் குழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒருவர் கடன் மேசையில் அமர்ந்தால், கழிப்பிடத் திட்டம் வரும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி மற்றவர் கேட்பதாக இராது.

நம் மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. உலக வங்கிக்கு இளைஞரை எடுக்கும் முறை 1963 முதல் நடக்கிறது. அதற்குப் பொருளியல் மாணவர் விண்ணப்பிக்கிறார்கள். நம் மண்ணியல் மாணவர், பொதுநல மருத்துவம் படிப்போர், குடிமைப் பொறியாளர், சமூகப்பணித் துறையார் அதன் பெயரையும் கேட்டிருப்பதில்லை. உரிகத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, ஒரு தொழில் போனால் ஓர் ஊர் என்ன ஆகும் என்பது பாடப்புத்தகம் இன்றியே தெரியும். அந்த அறிவை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படுகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஊர்ப்பெயரைக் கேட்டால் “பெங்களூர்ப் பக்கம்” என்கிறோம்.

பங்காவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2028 நடுவில் முடிகிறது. அதற்கு முன் அடுத்தவர் யார் என்ற பேச்சு எழும். வேட்பாளர் எல்லாரும் கடன் வாங்கும் நாடுகளின் முன் வெளிப்படையாக வந்து விடை சொல்ல வேண்டும், அதுவரை செய்த தொழிலும் அதில் விளைந்த நன்மை தீமையும் அச்சில் வர வேண்டும் என்று நம் நாட்டின் பெயரால் கேட்கும் உரிமை தில்லி நிதி அமைச்சகத்துக்கு உண்டு. அந்த அமைச்சகம் கேட்குமா என்று நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து வினவலாம். கோலார்த் தொகுதியின் உறுப்பினர் வினவினால் பொருத்தமாகவும் இருக்கும். அவருக்கு அனுப்ப ஒரு விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன்; அடுத்த மன்றக் கூட்டத்தில் படிப்பேன், திருத்துவோர் திருத்தலாம்.